எல்லையில் எதிர்கொள்ளல்: கெடிலக்கரை கற்பிக்கும் பண்பாட்டு உறவு

1. வழக்கு என்னும் சொல்

தமிழில் 'வழக்கு' என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு, ஊர் வழக்கு என்று சொல்லும்போது அது ஒரு கூட்டத்தார் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் நடைமுறையைக் குறிக்கிறது. வழக்குத் தொடுத்தார், வழக்காடினார் என்னும்போது அதே சொல் பிணக்கையும் முறையீட்டையும் குறிக்கிறது. ஒருவருக்கு நாள்தோறும் நிகழும் நடைமுறையாக இருப்பது அடுத்தவருக்கு முறையிடத்தக்க குற்றமாகத் தோன்றும் இடத்தில்தான் பண்பாட்டு வேற்றுமை சிக்கலாக உருவெடுக்கிறது என்பதை இந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

பண்பாடு என்பதற்கு அறிஞர் பலர் பலவாறு இலக்கணம் கூறியிருப்பினும், இச்சொற்பொழிவில் அது உண்ணல், உடுத்தல், வழிபடல், மணம் முடித்தல், இறந்தோரைப் போற்றல், பெரியோரை விளித்தல் முதலியவற்றில் ஒரு குழுவினர் தமக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமலே ஏற்றுக்கொண்டிருக்கும் முறைகளின் தொகுதி என்ற பொருளில் ஆளப்படுகிறது. சொல்லப்படாத முறை என்பதாலேயே அது தன்னை உடையவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வேறொரு முறையை உடையவர் எதிரே வந்து நிற்கும்போதுதான் அது முதன்முறையாகத் தென்படுகிறது. முகூர்த்த நாள்களில் திருவந்திபுரம் மலையடிவாரத்தில் ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடைபெறுவதுண்டு. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்து கூடும் அக்குடும்பங்களுக்கிடையே 'எங்கள் பக்கம் இப்படி வழக்கமில்லை' என்ற ஒரு தொடர் காதில் விழாமல் ஒரு முகூர்த்தமும் கழிவதில்லை. தாலி முடிச்சை யார் போடுவது, சீர்த்தட்டை எந்தக் கையால் வாங்குவது, பந்தியில் முதல் இலை யாருக்கு என்பன போன்ற சிறு செய்திகளே அத்தொடரைப் பிறப்பிக்கின்றன. அத்தொடர் பிணக்கின் தொடக்கமாகவும் அமையலாம், அறிதலின் தொடக்கமாகவும் அமையலாம். இரண்டில் எது நிகழும் என்பதை அடுத்துப் பேசப்படும் சொல்லே தீர்மானிக்கிறது.

கெடில ஆற்றிற்கும் கொள்ளிட ஆற்றிற்கும் இடைப்பட்ட இந்நிலப்பகுதி சமணம், சைவம், வைணவம், இசுலாம், கிறித்தவம் ஆகிய சமயங்களையும், தமிழ், வடமொழி, பிராகிருதம், கன்னடம், மராத்தி, டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய மொழிகளைப் பேசியோரையும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒருசேரவும் கண்டது. இங்கே பிணக்குகளும் நேர்ந்தன, இணக்கங்களும் அமைந்தன. இணக்கம் அமைந்த இடங்களில் அது எவ்வாறு அமைந்தது என்று ஆராயுமிடத்து, வேற்றுமையை மறைத்ததாலோ கரைத்ததாலோ அது அமையவில்லை என்பதும், இருதரப்பாரும் தத்தம் எல்லையை அறிந்து, அவ்வெல்லை வரை வந்து, ஒருவரையொருவர் முறைப்படி எதிர்கொண்டதாலேயே அமைந்தது என்பதும் புலப்படுகின்றன. இதனை நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

2. மரியாதை: எல்லையைக் குறித்த சொல்

இதற்குத் துணையாக நிற்கும் மற்றொரு சொல் 'மரியாதை'. வடமொழியில் 'மர்யாதா' என்பது முதலில் எல்லை, வரம்பு, கடலின் கரை என்னும் பொருள்களை உடையது. பின்னர் வரம்பு கடவாத ஒழுக்கத்தையும் குறித்தது. தமிழில் வழங்கும்போது அது பிறருக்குக் காட்டும் மதிப்பு என்னும் பொருளைப் பெற்றது. கோயில் வழக்கில் பரிவட்டம் கட்டுதல், மாலை அணிவித்தல், தீர்த்தமும் பிரசாதமும் வழங்குதல் ஆகிய சிறப்புகளுக்கு மரியாதை என்றே பெயர். ஒருவருக்கு மதிப்பளித்தல் என்பது அவருடைய வரம்பு எங்கே தொடங்குகிறது என்று அறிந்து நடத்தல் என்ற கருத்து இச்சொல்லின் வரலாற்றுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது.

ஆயினும் இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. முதல் மரியாதை யாருக்கு என்ற பூசலில் ஊர்கள் இரண்டுபட்டதையும் தேர்கள் நிலைகொண்டதையும் தமிழகம் நன்கறியும். வரம்பை அறிதல் மதிப்பாகவும் மலரலாம், தாழ்த்துதலாகவும் திரியலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணும் பொறுப்பு இவ்வாராய்ச்சியின் இறுதிப் பகுதிக்கு உரியது.

3. திருவந்திபுரம்: ஓர் இறைவன், மூன்று மொழிகள்

திருவயிந்திரபுரம் என்று பாசுரத்தில் வழங்கும் திருவந்திபுரம், நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்றாகத் திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற தலம். கெடிலத்தின் கரையில் தேவநாதசுவாமி கோயிலும் அதன் எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்றும் அமைந்துள்ளன. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) இவ்வூரில் நெடுங்காலம் தங்கியிருந்தார் என்பதும், ஔஷதகிரியில் அவருக்குக் கருடனும் அயக்கிரீவரும் அருள்செய்தனர் என்பதும் வைணவ மரபு. அவர் வாழ்ந்த திருமாளிகை இன்றும் இவ்வூரில் போற்றப்படுகிறது.

பண்பாட்டு உறவை ஆராய்வார்க்கு இங்கே கவனிக்கத்தக்க செய்தி, தேசிகர் இத்தலத்து இறைவனை மூன்று மொழிகளில் பாடினார் என்பதாகும். தமிழில் மும்மணிக்கோவையும் நவமணிமாலையும், வடமொழியில் தேவநாயக பஞ்சாசத்தும், பிராகிருதத்தில் அச்சுத சதகமும் அவர் இயற்றியவை. பிராகிருதம் என்பது பண்டை வடபுலத்து மக்களின் பேச்சுக்கு அணுக்கமாக இருந்து இலக்கிய வடிவம் பெற்ற மொழிகளின் பொதுப்பெயர். வடமொழி நாடகங்களில் பெண் பாத்திரங்கள் பேசும் மொழியாகவும், சமணரின் நூல்மொழியாகவும் அது அறியப்பட்டது. வைணவ ஆசாரியர் ஒருவர் அம்மொழியில் ஒரு சதகம் செய்தது எளிதில் கடந்து செல்லத்தக்க நிகழ்ச்சி அன்று.

அதனினும் நுட்பமானது அவர் அதைச் செய்த முறை. ஒரே நூலை இயற்றி அதனை மூன்று மொழிகளில் பெயர்த்துத் தருவது எளிய வழியாக இருந்திருக்கும். தேசிகரோ ஒவ்வொரு மொழியிலும் அம்மொழிக்கு உரிய இலக்கிய வடிவத்தையே தேர்ந்துகொண்டார். தமிழில் பாடியபோது ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை ஆகிய மூன்றும் மாறிமாறித் தொடுக்கப்படும் மும்மணிக்கோவை என்னும் சிற்றிலக்கிய வகையை எடுத்தார். பிராகிருதத்தில் பாடியபோது அம்மொழிக் கவிஞர்கள் காலங்காலமாகக் கையாண்ட ஆரியா யாப்பில் அமைத்தார். பந்தாடும்போதும் அம்மானை வீசும்போதும் ஊசலாடும்போதும் தமிழ்ப்பெண்கள் பாடும் பாட்டு வகைகளிலும் அவர் இத்தல இறைவனுக்கு நூல்கள் செய்தார் என்பது மரபு. அவை இன்று கிடைக்கவில்லை. வடமொழியில் தருக்கமும் வேதாந்தமும் எழுதிய கை, விளையாட்டுப் பாட்டின் தாளத்துக்கும் இணங்கியது. பிறர் வீட்டுக்குள் நுழைபவர் அவ்வீட்டு முறைப்படி வாயிலில் காலணியைக் கழற்றிவைப்பதைப் போன்றது இது. மொழியை அறிதல் அதன் சொற்களை அறிவதோடு முடிவதில்லை, அம்மொழியார் மகிழும் முறையையும் அறிந்தாலே நிறைவுறும் என்பதைத் தேசிகரின் பணி காட்டுகிறது.

கெடிலக்கரையில் பிராகிருதம் ஒலித்தது அதுவே முதன்முறை அன்று. திருவந்திபுரத்துக்கு அண்மையிலுள்ள திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுரம் என்ற பெயரில் சமணரின் கல்விநிலையமாக விளங்கியது. சருவநந்தி என்னும் சமண முனிவர் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகம் என்னும் ஊரில் 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலைப் பிராகிருதத்தில் எழுதினார். அவ்வூரைப் பாதிரிப்புலியூராகவே ஆய்வாளர் கொள்வர். திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு சமண நெறியில் இருந்ததும், சைவத்துக்குத் திரும்பியபின் கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டு இவ்வூர் அருகே கரையேறியதும் பெரியபுராணம் கூறும் வரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் அந்நினைவை இன்றும் சுமந்து நிற்கிறது. ஆகவே இந்நிலத்தின் சமய வரலாறு முழுதும் இணக்கத்தின் வரலாறு என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். அடக்குமுறையும் நெறிகளுக்கிடையே கடும்போட்டியும் இங்கே இருந்தன. அவற்றை அறிந்தபின்னரே இணக்கத்தின் அருமை விளங்கும்.

4. தில்லை: இரண்டு சந்நிதிகள், ஒரு நிற்குமிடம்

சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாளின் சந்நிதியாகிய தில்லைத் திருச்சித்திரகூடம் அமைந்துள்ளது. நடராசர் தெற்கு நோக்கி ஆடுகிறார். கோவிந்தராசர் கிழக்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். இரு சந்நிதிகளுக்கும் இடையே குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்பவர், முகத்தைச் சற்றே திருப்பினால் போதும், இருவரையும் காணலாம்.

இந்த அமைப்பு அமைதியாக வந்து சேர்ந்தது அன்று. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெருமாளின் திருமேனி அகற்றப்பட்டது. விசயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில், 1539இல், அது மீண்டும் நிறுவப்பட்டது. பின்னும் விழா நடத்துவது தொடர்பாக வழக்குமன்றம் வரை சென்ற பிணக்குகள் உண்டு. எனினும் நாள்தோறும் அங்கு வரும் எளிய பக்தர், ஒரு சந்நிதியில் திருநீறும் மற்றொன்றில் தீர்த்தமும் துளசியும் பெற்றுக்கொண்டு, இரண்டின் முறையையும் குழப்பாமல் வெளியேறுகிறார். நூலோரும் நிறுவனத்தாரும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்திலும், எங்கே எதை எப்படிப் பெறவேண்டும் என்று பொதுமக்கள் அறிந்திருந்தனர்.

நெருங்கியவர்களுக்கிடையே உள்ள சிறு வேற்றுமையே பெரும் பிணக்காகும் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. ஒரே ஆழ்வார்களையும் ஒரே ஆசாரியர் இராமானுசரையும் போற்றும் வடகலையாரும் தென்கலையாரும் திருமண்காப்பின் வடிவம் குறித்தும், எந்த ஆசாரியரின் வாழ்த்தை முதலில் ஓதுவது என்பது குறித்தும் காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்துள்ளனர். ஆகவே வேற்றுமையின் அளவைக் கொண்டு பிணக்கின் அளவைக் கணிக்க இயலாது. எதிர்கொள்ளும் முறை வகுக்கப்பட்டுள்ளதா என்பதே கணிக்கும் அளவுகோல்.

5. கிள்ளை: சாலையில் நிகழும் சந்திப்பு

அத்தகைய முறை வகுக்கப்பட்ட இடத்தைக் காண விரும்புவோர் மாசி மகத்தன்று கிள்ளைக்குச் செல்லவேண்டும். சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில்கொண்ட பூவராகசுவாமி, மாசி மகத் தீர்த்தவாரிக்காக, அதாவது கடலில் புனித நீராடும் விழாவுக்காக, ஊர் ஊராகக் கடந்து கிழக்குக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டை அடுத்த கிள்ளையில் முழுக்குத்துறை என்று பெயர் பெற்ற கரையில் தீர்த்தவாரி நிகழ்கிறது. அக்கரைக்குச் செல்லும் வழியில் தைக்கால் என்னும் இடத்தில் இசுலாமிய இறைநேசர் ஒருவர் அடங்கிய தர்கா உள்ளது.

பெருமாள் அவ்விடத்தை அடையும்போது ஊர்வலம் நிற்கிறது. தர்காவைச் சேர்ந்த இசுலாமியர் தொப்பியணிந்து, தட்டுகளில் பட்டும் மாலையும் பழமும் ஏந்தி, மேளம் முழங்க எதிரே வருகின்றனர். பட்டாச்சாரியார் அத்தட்டுகளைப் பெற்று, பட்டையும் மாலையையும் பெருமாளுக்குச் சாத்தித் தீபாராதனை காட்டுகிறார். பின்னர்ப் பெருமாளுக்குச் சாத்திய மாலையும் பிரசாதமும் இசுலாமியருக்கு மரியாதையாக அளிக்கப்படுகின்றன. அவர்கள் அவற்றைத் தர்காவுக்கு எடுத்துச் சென்று, அடக்கத்தலத்தில் வைத்துப் பாத்தியா ஓதுகின்றனர். பாத்தியா என்பது குர்ஆனின் தொடக்க அத்தியாயத்தை ஓதி இறைவனை வேண்டும் முறை. அதன்பின் ஊர்வலம் கடலை நோக்கி நகர்கிறது.

இந்நிகழ்ச்சியில் நடப்பவற்றைப் போலவே நடவாதவையும் கருதத்தக்கன. பெருமாள் தர்காவுக்குள் எழுந்தருள்வதில்லை. இசுலாமியர் பெருமாளுக்குத் தாமே பூசை செய்வதில்லை. பட்டாச்சாரியார் பாத்தியா ஓதுவதில்லை. இறைவனைப் பற்றி இருதரப்பாரும் கொண்டுள்ள கொள்கைகளில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. உருவ வழிபாட்டை ஏற்கும் சமயமும் ஏற்காத சமயமும் தத்தம் நிலையிலேயே நின்றுகொண்டு, இருவருக்கும் பொதுவான சாலையில் சந்திக்கின்றன. ஒரு மாலை மட்டும் எல்லையைக் கடக்கிறது; கடந்தவுடன் அது சென்று சேர்ந்த இடத்தின் முறைப்படியே ஏற்கப்படுகிறது. பெருமாளின் தோளில் பிரசாதமாகிய மாலை அடக்கத்தலத்தில் காணிக்கையாகிறது. ஒரே பொருளுக்கு இரு தரப்பாரும் இரு பொருள் கொள்வதற்கு இடமளித்தலே இச்சடங்கின் உயிர்நிலை.

இது தனித்த நிகழ்ச்சி அன்று. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் நாகூர் தர்காவுக்கு 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டித் தந்தார். இலங்கையின் சிவனொளிபாத மலையில் ஒரே அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்றும், சைவர் சிவனுடையதென்றும், இசுலாமியர் ஆதம் நபியுடையதென்றும் போற்றி ஒரே படிவழியே ஏறுகின்றனர். அடி யாருடையது என்ற கேள்விக்கு ஒரே விடையைக் கட்டாயப்படுத்தியிருந்தால் மலையின் வழி என்றோ அடைபட்டிருக்கும்.

6. குண்டு வரைந்த எல்லை

எல்லை வகுக்கும் வேறொரு முறையையும் கடலூர் கண்டது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு ஏல். கோட்டையோடு அதைச் சூழ்ந்த நிலமும் விற்பனையில் அடங்கியது. அந்நிலத்தின் அளவோ பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு என்று வகுக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் குண்டுகள் சுடப்பட்டன. அவை விழுந்த தொலைவுக்குள் அகப்பட்ட ஊர்கள் கம்பெனியின் உடைமையாயின. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. புனித தாவீது கோட்டை என்று பெயர் பெற்ற அவ்விடம், 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின் ஆங்கிலேயரின் தென்னகத் தலைமையிடமாகவும் விளங்கியது.

கிள்ளையின் மாலையும் தேவனாம்பட்டினத்தின் குண்டும் எல்லையைக் கடந்தவையே. குண்டு விழுந்த வயலுக்கு உரியவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எவ்வூர் எவ்வூரோடு பெண் கொடுத்து எடுத்தது, எந்த ஏரியின் நீர் எந்தக் கழனிக்குப் பாய்ந்தது, எந்தத் தெய்வம் எந்தத் தெரு வழியே எழுந்தருளியது என்ற கேள்விகளுக்குப் பீரங்கியிடம் விடை இல்லை. ஒருதரப்பார் தம் ஆற்றல் எட்டும் தொலைவையே எல்லையாகக் கொள்வது பண்பாட்டு உறவில் இன்றும் நிகழ்கிறது. பெரும்பான்மையோரின் பழக்கம் எட்டும் தொலைவெல்லாம் பொதுமுறை என்று கருதப்படும்போது, குண்டு கிராமங்கள் வேறு வடிவில் மீண்டும் உருவாகின்றன.

7. கேட்டறிதல்

குண்டுக்கு மாற்று கேள்வி. கொள்ளிடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, சமயம் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர். அந்நோக்கத்தை அவர் மறைத்ததுமில்லை. ஆயினும் அவரும் அவருடைய தோழர் கிரண்டலரும் தமிழர்களிடம் அவர்தம் சமயம், ஒழுக்கம், மருத்துவம், இல்லறம் பற்றிய வினாக்களை எழுதி அனுப்பி, அவர்கள் தம் சொற்களிலேயே எழுதிய விடைகளைப் பெற்றனர். அவ்வாறு பெற்ற 99 மடல்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஆலே நகரில் வெளியிடப்பட்டன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலோ அச்சேறாமல் கிடந்து 1867இல்தான் வெளிவந்தது. புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதைப் பரப்பும் நூலை எழுதுவதா என்று தாயகத்து மேலோர் கருதினர்.

பிறரை உள்ளபடி அறிய முற்படுபவர், அறியும் முயற்சியாலேயே தம் கூட்டத்தாரின் ஐயத்துக்கு ஆளாவார் என்பதை இது காட்டுகிறது. அம்மடல்களின் சிறப்பு, தமிழரைப் பற்றிப் பிறர் எழுதியதாக அமையாமல், தமிழரே தம்மை விளக்கியதாக அமைந்ததாகும். கேட்டறிதல் என்பது விடை சொல்பவரின் சொல்லை அவர் சொன்ன பொருளிலேயே ஏற்கும் பொறுமையை உள்ளடக்கியது.

8. வேற்றுமையும் ஏற்றத்தாழ்வும்

எல்லையை மதித்தல் என்னும் கொள்கைக்கு எதிராக ஒரு வலிய தடை எழுப்பப்படலாம், எழுப்பப்படவும் வேண்டும். தீண்டாமையும் எல்லை வகுத்தே நின்றது. அதற்கும் வழக்கம் என்றே பெயர் சொல்லப்பட்டது. தில்லைக் கூத்தனைக் காண ஏங்கிய நந்தனார் 'நாளைப் போவேன்' என்று நாள் கடத்த நேர்ந்ததும், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்ததும் சேக்கிழார் பாடிய வரலாறு. அங்கே எல்லை இருந்தது, எதிர்கொள்ளல் இல்லை. ஒருவர் மட்டுமே வெளியே நிறுத்தப்பட்டார். தூய்மையை மெய்ப்பிக்கும் சுமையும் அவர் ஒருவர் மேலேயே ஏற்றப்பட்டது.

இதிலிருந்து வேற்றுமையை ஏற்றத்தாழ்விலிருந்து பிரித்தறியும் அளவுகோல் கிடைக்கிறது. எல்லையின் இருபுறத்தாரும் இடம் மாறி நின்றாலும் முறை பொருந்துமானால் அது வேற்றுமை. பொருந்தாவிடில் அது ஏற்றத்தாழ்வு. கிள்ளையில் கொடுப்பவரும் பெறுபவரும் சில நிமிடங்களுக்குள் இடம் மாறுகின்றனர். நந்தனார் நின்ற வாயிலில் அத்தகைய மாற்றத்துக்கு வழியே இல்லை. ஆகவே முன்னதைப் போற்றுவது போலவே பின்னதை நீக்குவதும் பண்பாட்டுக் கடமையாகிறது. அக்கடமையை உணர்ந்த சுவாமி சகசானந்தர் (1890–1959) 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விநிலையம் தொடங்கி, வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் உறைவிடமும் தந்தார். வாயிலில் நின்றவரின் பெயரே ஒரு பள்ளிக்கு வாயிலாயிற்று.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க வள்ளலார் மற்றொரு வழியைக் காட்டினார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த 80 காணி நிலத்தில், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி, சமயம், ஊர், மொழி எதுவும் கேட்கப்படாமல் பசி ஒன்றே தகுதியாகக் கொள்ளப்படும் இடம் அது. வழக்கங்களுக்கிடையே சந்திப்பு நிகழவேண்டுமானால் வந்தவர் முதலில் பசியாறியிருக்கவேண்டும் என்ற எளிய உண்மையை அவ்வடுப்பு ஒவ்வொரு நாளும் சொல்கிறது.

9. இன்றைய பொறுப்பு

இன்று கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையிலும், சிதம்பரம் வரையிலான கட்டுமானப் பணிகளிலும், உணவகங்களிலும் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பணிபுரிகின்றனர். மாசி மகம் இவ்வூராருக்கு எத்தகையதோ, சத் பூசையும் இரத யாத்திரையும் அவர்களுக்கு அத்தகையவை. கட்டிய வீட்டில் குடிபுகுவோர்க்குக் கட்டியவரின் பெயர் தெரியாத நிலையில், அவரது மொழியும் விழாவும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இலண்டனிலும் உழைக்கும் தமிழர் தம் பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் அந்நாட்டாரிடம் எதிர்பார்க்கும் மதிப்பையே, இங்கு வந்து உழைப்போர் இவ்வூராரிடம் எதிர்பார்க்கின்றனர்.

அதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. வந்தவரின் பெயரை அவர் ஒலிக்கும் முறையிலேயே ஒலிக்கக் கற்றல், அவர் விழாநாளை அறிந்து அன்று விடுப்பளித்தல், அவர் உண்ணாததை வற்புறுத்தாமை, அவர் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்கத் துணைநிற்றல், ஐயம் எழுந்தால் அவரைப் பற்றிப் பிறரிடம் கேளாமல் அவரிடமே கேட்டல் ஆகியவை எந்தத் தெருவிலும் இன்றே தொடங்கக்கூடியவை. 'எங்கள் பக்கம் இப்படி வழக்கமில்லை' என்று சொன்னபின், 'உங்கள் பக்கம் எப்படி?' என்று அடுத்து ஒரு கேள்வி எழுமானால், வழக்கு வழக்காடலாக மாறுவதற்கு முன்பே திருப்பப்பட்டுவிடும்.

தமிழ் மரபில் வருபவரைக் காத்திருந்து வரவேற்பதைவிட, ஊர் எல்லை வரை சென்று எதிர்கொண்டு அழைத்து வருவதே உயர்ந்த மரியாதை. பெருமாளுக்கும் மணமகனுக்கும் செய்யப்படும் அம்மரியாதையைக் கிள்ளைத் தைக்காலில் இசுலாமியர் ஆண்டுதோறும் செய்து வருகின்றனர். ஸ்ரீமுஷ்ணத்தார் அதை மாலையாகத் திருப்பித் தருகின்றனர். அவ்விரு தரப்பாரும் சாலையில் நடந்து வரும் அந்தச் சில அடிகளை, இம்மாவட்டத்துத் தொழிற்பேட்டை வாயில்களிலும் வாடகை வீட்டு வாயில்களிலும் இவ்வூரார் நடக்கத் தொடங்குவதே, கெடிலக்கரையில் பிறந்து வளர்ந்தோர் தம் முன்னோர்க்குச் செலுத்தவேண்டிய கடன்.